நோகாத கால்

மருந்துகட்டும் அறை வாசலில் கழற்றி விட்டிருக்கும் செருப்புகளைத்தான் நான் முதலில் பார்ப்பேன். ஆள் பிறகு. முப்பத்தைந்து வருடத்துக்கு மேல் தாதியாக வேலை செய்ததில் ஒட்டிக்கொண்ட பழக்கம். குதிக்காலின் வெளிப்பக்கம் தேய்ந்த பாட்டா, பெருவிரல் அழுத்தி அழுத்திக் குழி விழுந்த பாட்டா, ஒன்று தேய்ந்து மற்றது புதுசாகவே கிடக்கும் சோடி. அப்படி ஒரு சோடி கிடந்தால் ஆள் ஒரு காலை ஊன்றப் பயந்து மற்றக் காலில் பாரம் போட்டு நடக்கிறார் என்று விளங்கிவிடும். (பாட்டா என்றால் அந்தக் கொம்பனிச் செருப்பு என்று எண்ணவேண்டாம். எங்கள் பக்கத்தில் றப்பர் செருப்பு எல்லாமே பாட்டாதான்.)

ஒருநாள் அப்படிக் கிடந்த ஒரு பாட்டாவின் அடியில் கறள் பிடித்த ஆணித்தலை ஒன்று தெரிந்தது. எடுத்துத் திருப்பினேன். மேற்பக்கம் முனை அரை விரற்கடை வெளியே நின்றது. அதைச் சுற்றி மண்ணிறமாய்க் காய்ந்த கறை.

"ஆற்ற செருப்பு இது?"

"என்ரதான் பிள்ளை. ஏன், மாறிப் போட்டுட்டியே?"

வேலி அடைக்கப்போய்க் கையைக் கத்தியால் வெட்டிக்கொண்டு வந்திருந்த முதியவர். கையைத்தான் நீட்டினார். காலைக் காட்டச் சொன்னேன். "கால்ல ஒண்டுமில்லை, நீ கையைப் பார்" என்றார். வாங்கில் இருத்தி உள்ளங்காலைத் திருப்பினேன். பெருவிரலுக்குக் கீழே, காய்ப்பின் நடுவில், விளிம்பு வெளுத்துப்போன ஒரு துளை. அழுத்த, கலங்கலாய் நீர் வந்தது.

"இது எப்ப ஏறினது அப்பு?"

"ஏறினதோ? காலமை கேணியில கால் கழுவிப்போட்டுத்தானே கும்பிட்டனான்."

பொய் சொல்லவில்லை அவர். கழுவியிருந்தார். நாங்கள் கால் கழுவுகிற சனம். வீட்டுக்குள் ஏற முன்னம், கோயிலுக்குள் போக முன்னம், செத்தவீட்டால் வந்தால், தோட்டத்தால் வந்தால், ஒரு காலால் மற்றக் காலைத் தேய்த்துக்கொண்டே வாளித் தண்ணீரை ஊற்றிவிடுவோம். குனிந்து பார்ப்பதில்லை. முகத்துக்குக் கண்ணாடி வைத்திருக்கிற வீட்டில் உள்ளங்காலைக் கண்டவர் எத்தனை பேர் என்று கேட்டால் சிரிப்பார்கள். அவருக்குப் பதினைந்து வருடமாகச் சீனி வருத்தம். ஆணி எத்தனை நாள் அவரோடு நடந்து திரிந்தது என்று கடைசிவரை தெரியவில்லை.

நான் பிறந்தது தீவுப் பகுதியில், சரவணையில், 1963. செருப்பு எங்களுக்குக் கோயில் திருவிழாவுக்கும் யாழ்ப்பாணம் போகவும்தான். அதுவும் கோயில் வாசலில் கழற்ற வேண்டியிருந்ததால், திருவிழாச் செருப்பு கையில் நடந்த தூரமே அதிகம். மற்ற நாளெல்லாம் வெறுங்கால். பனங்கருக்கு, உடைமுள், நெருஞ்சி, சுண்ணாம்புக்கல்லின் கூர் என்று எல்லாம் காலுக்குத் தெரியும். முள் தைத்தால் அம்மா கைவிளக்கைக் கொண்டுவந்து வைத்துக்கொண்டு சட்டை ஊசியால் எடுப்பா. வராவிட்டால் எருக்கம்பால் வைப்பா. அந்தப் பால் வைத்தியத்தை நான் பிறகு ஒருவருக்கும் சொன்னதில்லை. ஆனால் விளக்கை அருகில் வைத்து, காலை மடியில் தூக்கிப் போட்டு, விரல் விரலாய் விரித்துப் பார்த்த அந்தப் பார்வை இருக்கிறதே, அதுதான் நான் படித்த முதல் தாதியியல்.

பள்ளிக்கூடத்தில் எண்ணூறு மீற்றர் ஓடினேன். இல்ல விளையாட்டுப் போட்டி, உச்சி வெயில், வெறுங்கால். எங்கள் விளையாட்டு மாஸ்டருக்கு அபேபே பிக்கிலா என்றால் உயிர். 1960-இல் றோம் நகரத்தில் சப்பாத்து இல்லாமல் மரதன் ஓடி 2 மணி 15 நிமிடம் 16 செக்கனில் தங்கம் எடுத்த எதியோப்பியன். "அவனுக்கும் சப்பாத்தில்லை, உங்களுக்கும் இல்லை. பிறகென்ன?" என்பார். நாங்களும் நெஞ்சை நிமிர்த்துவோம். நாலு வருடம் கழித்து ரோக்கியோவில் அதே பிக்கிலா சப்பாத்துப் போட்டு ஓடி, இன்னும் மூன்று நிமிடம் குறைத்து, இரண்டாம் தங்கமும் எடுத்தான் என்பதை மாஸ்டர் சொல்லவில்லை. எனக்கு அது தெரியவந்தபோது நாற்பது வயது தாண்டிவிட்டது. இப்போது பண்ணைப் பாலத்தில் காலையில் ஓடுகிற பொடியள் சிலர் வெறுங்கால்தான் இயற்கை என்றும், சிலர் முப்பதாயிரம் ரூபாச் சப்பாத்து இல்லாமல் ஓடினால் முழங்கால் போய்விடும் என்றும் என்னிடம் வழக்குக்கு வருவார்கள். இரண்டுக்கும் பிக்கிலாவே சாட்சி. பழகின கால் எதிலும் ஓடும். பழகாத காலை ஒரே கிழமையில் மாற்றினால் எதிலும் புண்படும்.

அந்த எண்ணூறு மீற்றரில் நான் இரண்டாவதாக வந்தேன். வந்து நின்றபோது வலக்காலின் முன்பாதத் தோல் ஒரு ரூபாக் குத்தியளவு வழன்று மடிந்து கிடந்தது. சூடுதான் என்று நினைத்து அழுதேன். மாஸ்டர் பார்த்துவிட்டு, "நேராய் ஓடினதில உரியேல்லை பிள்ளை. வளைவில காலை ஊண்டித் திருகியிருக்கிறாய்" என்றார். படித்து வந்த பிறகுதான் அவர் எவ்வளவு சரியாகச் சொன்னார் என்று விளங்கியது. கொப்புளம் மேல்தோல் உரசுவதால் மட்டும் வருவதில்லை. தோல் நிலத்தோடோ சொக்ஸோடோ ஒட்டிக்கொண்டு நிற்க, உள்ளே எலும்பு முன்னும் பின்னும் அசைய, நடுவில் அகப்பட்ட தோல் அடுக்குகள் இழுபட்டுப் பிரிந்து, அந்த இடைவெளியில் நீர் கோக்கிறது. ஈரத்தோல் இன்னும் நன்றாக ஒட்டும், இன்னும் சுகமாய்ப் பிரியும். அதனால்தான் வியர்த்த கால் கெதியாய்க் கொப்பளிக்கிறது.

காலைப்பற்றி ஊரில் கற்ற இன்னொரு பாடம் கடலில். எங்கள் கரையில் பரவைக் கடல். முழங்கால் தண்ணீரில் வெகுதூரம் நடந்து போகலாம். பெரியப்பா எங்களைக் கூட்டிக்கொண்டு போனால் ஒன்றே ஒன்றுதான் சொல்லுவார்: "காலைத் தூக்கி வைக்காதை, இழுத்து நட." மணலுக்குள் புதைந்து கிடக்கும் திருக்கை, இழுத்து வருகிற கால் அரவத்துக்கு விலகிப் போய்விடும். தூக்கி வைத்து மேலே மிதித்தால் வாலால் அடிக்கும். இவ்வளவும் சொல்லித்தந்த பெரியப்பாவுக்கே ஒருநாள் அடித்தது, கரண்டைக்குச் சற்றுக் கீழே. அந்தப் பெரிய மனுசன் சின்னப்பிள்ளைபோல் கத்தினதை நான் அன்றுதான் கேட்டேன். தூக்கி வந்து திண்ணையில் இருத்தினார்கள். ஆச்சி பெரிய சட்டியில் சுடுதண்ணீர் கொண்டுவந்து வைத்து, "ரண்டு காலையும் வை" என்றா. குத்தினது ஒரு காலில்தானே என்று நான் கேட்டேன். "குத்தின காலுக்குச் சூடு தெரியாதடி. நல்ல கால்தான் சொல்லவேணும், போதும் எண்டு."

திருக்கையின் நஞ்சு புரதம், சூட்டில் கெடும். பொறுக்கக்கூடிய சூட்டில், நாற்பத்தைந்து பாகை அளவில், அரை மணியிலிருந்து ஒன்றரை மணி நேரம் காலை வைத்திருந்தால் நோ குறையும் என்று இன்றைய முதலுதவிப் புத்தகங்களும் சொல்கின்றன. முள் உள்ளே முறிந்து நிற்கலாம் என்பதால் பிறகு ஆஸ்பத்திரிக்கும் போகத்தான் வேண்டும். ஆச்சிக்குப் புரதமும் தெரியாது, பாகையும் தெரியாது. நோவில் கிடக்கிற கால் சூட்டை அளக்காது என்று மட்டும் தெரிந்திருந்தது.

அந்தச் சுடுதண்ணீர்ச் சட்டி எனக்கு இருபது வருடம் கழித்துத் திரும்பி வந்தது. ஒரு முதிய அம்மாவை மகள் கைத்தாங்கலாகக் கூட்டி வந்தாள். இரண்டு காலும் பழைய சீலைத் துண்டால் சுற்றியிருந்தது. அவிழ்த்தபோது துணியோடு சேர்ந்து தோலும் கழன்றது, சொக்ஸ் கழற்றுகிறமாதிரி. அறையில் நின்ற பயிற்சித் தாதி வெளியே ஓடிவிட்டாள். அம்மா மட்டும் அமைதியாக இருந்தா.

"கால் ஒரே விறைப்புப் பிள்ளை. சுடுதண்ணியில வைச்சால் சுகம் எண்டு ஆரோ சொல்லிச்சினம்."

"சுடேல்லையே அம்மா?"

"இல்லை. இன்னும் கொஞ்சம் சூடாய் இருந்தால் நல்லம்போலக் கிடந்தது."

ஆச்சியின் வைத்தியம் இவவிடம் பலிக்கவில்லை; போதும் என்று சொல்ல இவவுக்கு ஒரு நல்ல கால் இருக்கவில்லை. சீனி வருத்தம் நரம்பைத் தின்றால் ஒரு காலைத் தின்று ஒரு காலை விடுவதில்லை. இரண்டிலும் விரல் நுனியிலிருந்து மேலே ஏறும், இரண்டு பக்கமும் ஒரே உயரத்துக்குச் சொக்ஸ் போட்டதுபோல. அந்த அம்மாவுக்கு இரண்டு விரல் போனது. அதற்குப் பிறகு கிளினிக்குக்கு வருகிற எல்லோருக்கும் நான் ஒரே பல்லவிதான்: காலைச் சுடுதண்ணீரில் ஊறப் போடாதீங்கோ, குளிக்கிற தண்ணீரையும் முழங்கையால் தொட்டுப் பார்த்த பிறகு காலில் ஊற்றுங்கோ.

பயிற்சிக் காலத்தில் தொழுநோய்ப் பாடத்தில் போல் பிராண்ட் என்ற பெயர் வந்தது. 1914-இல் கொல்லிமலையில் மிஷனரிப் பெற்றோருக்குப் பிறந்து, 1946-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த அறுவைச் சிகிச்சை வைத்தியர். தொழுநோய்க்காரரின் விரல்கள் நோயால் அழுகி விழுகின்றன என்று உலகம் நம்பிக்கொண்டிருந்த காலம். அவர் நோயாளிகளைக் கூடவே இருந்து கவனித்து, விழுவது நோயால் அல்ல, நோகாததால் என்று கண்டுகொண்டார். சட்டி சுட்டாலும் விடாமல் பிடிக்கிற கை. ஆணி ஏறினாலும் நொண்டாமல் நடக்கிற கால். நொண்டுவதுதான் புண்ணுக்கு ஓய்வு கொடுக்கிறது. நொண்டத் தெரியாத கால் அதே இடத்திலேயே திரும்பத் திரும்ப மிதித்துத் தன்னைத்தானே அழிக்கிறது. அப்படிப்பட்ட கால்களுக்காக வேலூரில் நுண்துளை றப்பர் வைத்துச் செருப்பு செய்தார்கள். இன்று சீனி வருத்தக்காரருக்குக் கொடுக்கிற மெத்துச் செருப்புக்கு அதுவும் ஒரு மூதாதை.

எங்கள் கிளினிக்கில் காலின் உணர்ச்சியைச் சோதிக்க ஒரு கருவி வந்தது. கருவி என்று சொன்னால் கனக்க. ஒரு பிடியில் நட்டிருக்கிற நைலோன் நரம்பு. உள்ளங்காலில் குத்தென வைத்து அழுத்தினால், பத்துக் கிராம் விசையில் அது வளையும். வளைகிற அளவுக்கு அழுத்தியும் ஆளுக்குத் தெரியாவிட்டால், அந்தக் காலுக்குத் தன்னைக் காக்கத் தெரியாது. தீவாருக்கு அதைக் கண்டதும் சிரிப்பு.

"என்ன மிஸ்ஸி, தங்கூசியோட வந்து நிக்கிறியள். மீன் பிடிக்கப் போறியளே?"

"கண்ணை மூடுங்கோ ஐயா. தொட்டால் ஓம் எண்டு சொல்லுங்கோ."

மூடுவார்கள். நான் தொடுவேன். அறை சத்தமில்லாமல் இருக்கும். "என்ன பிள்ளை, இன்னும் தொடங்கேல்லையே?" என்று அவர்கள் கேட்கிறபோது நான் மூன்று விரல் முடித்து நாலாவதுக்குப் போயிருப்பேன்.

இவர்களுக்கு நல்லூர்த் திருவிழா வந்தால் எனக்குக் காய்ச்சல். கொடியேற்றத்திலிருந்து இருபத்தைந்து நாள், ஆவணி வெயில். கோயிலைச் சுற்றி மணல் பரப்பியிருப்பார்கள். அதுவரை வருகிற தார் றோட்டில் மணல் இல்லை. காலையில் வெறுங்காலோடு போனவர், தேர் பார்த்து மதியம் திரும்பியவர், அடுத்த நாள் உள்ளங்கால் முழுக்க நீர் கோத்துக்கொண்டு வருவார். எப்போது சுட்டது என்று கேட்டால் தெரியாது. நேர்த்தி வைத்த ஆளிடம் செருப்புப் போடு என்று சொல்ல எனக்கும் வாய் வராது. நானும் அதே கோயிலுக்குப் போகிறவள். பேரம் பேசுவேன். வாசல்வரை செருப்பு, வாசலில் கழற்று. பொழுது ஏற முன்னம் கும்பிட்டு வா. வந்ததும் ஆரையும் கொண்டு உள்ளங்காலைப் பார்ப்பி. மூன்றில் இரண்டுக்கு ஒத்துக்கொள்வார்கள்.

1995 ஒக்டோபர் 30 இரவை நான் இங்கே நீட்டப்போவதில்லை. தீவை விட்டு ஏற்கெனவே இடம்பெயர்ந்து யாழ்ப்பாணத்தில் இருந்த நாங்கள், வலிகாமத்துச் சனம் முழுவதோடும் மழைக்குள் நாவற்குழிப் பாலத்தைக் கடந்து தென்மராட்சிக்கு நடந்தோம். அடுத்த நாள் ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் நான் மருந்துகட்டிய எல்லாமே கால்கள். செருப்பு சேற்றில் போன கால்கள், இரவு முழுக்க ஈரத்தில் ஊறி அவித்த கிழங்குத் தோல்போல் வெளுத்துச் சுருங்கின கால்கள். மருந்து முடிந்துவிட்டது. கொதித்தாறின தண்ணீரும் வெட்டிய வேட்டித் துண்டும்தான். அன்று ஒன்று கண்டேன்: ஈரத்தைத் துடைத்து, விரல் இடுக்கைக் காயவைத்து, இரண்டு மணி நேரம் உயர்த்தி வைத்தாலே பாதிக் கால்கள் திரும்ப நடந்தன.

ஓய்வுபெற்ற அடுத்த வருடம், 2024-இல், கதிர்காமப் பாதயாத்திரைக்குப் போனேன். தொண்டைமானாறு செல்வச்சந்நிதியில் தொடங்கி, முல்லைத்தீவு, திருகோணமலை, மட்டக்களப்பு, திருக்கோவில், பொத்துவில் என்று கிழக்குக் கரையோடே இறங்கி, உகந்தையில் முருகனைக் கும்பிட்டுக் குமண, யால காடுகளுக்குள் புகுந்து கதிர்காமக் கொடியேற்றத்துக்குப் போய்ச் சேருகிற வழி. ஒன்றரை மாதத்துக்கு மேல் நடை. பயணப் பையில் உடுப்பைவிடப் பஞ்சும் துணியும் பிளாஸ்டரும் கூட. மூன்றாம் நாளே என் பெயர் மறைந்து "கால் மிஸ்ஸி" ஆகிவிட்டேன்.

வெளிநாட்டிலிருந்து வந்திருந்த ஒரு தம்பி. பெட்டி பிரித்த வாசம் போகாத சப்பாத்து. இரண்டு குதிக்காலிலும் கோழிமுட்டை பிளந்து வைத்ததுபோலக் கொப்புளம். "அன்ரி, வெட்டி எடுத்துவிடுங்கோ" என்றான். வெட்டவே கூடாது. கொப்புளத்தின் மேல்தோலைவிட நல்ல மருந்துத்துணி எந்தக் கடையிலும் இல்லை. சின்னதென்றால் தொடாமல் விடலாம். இது நடக்கவிடாத பெரிசு. காலைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி, கிருமி நீக்கிய ஊசியால் அடிவிளிம்பில் இரண்டு இடம் குத்தி, நீரைப் பஞ்சால் மெல்ல ஒற்றி எடுத்து, தோலைப் பழையபடி படியவைத்து மேலே கட்டினேன். சீனி வருத்தக்காரரின் கொப்புளத்தை மட்டும் நான் வழியில் குத்துவதில்லை; அவர்களை வாகனத்தில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்புவேன், எவ்வளவு திட்டினாலும்.

அவனுக்குச் சொன்னது இதுதான். அடுத்த முறை சப்பாத்தைப் பின்னேரத்தில் வாங்கு. நாள் முழுக்க நடந்த கால் வீங்கியிருக்கும், அந்த அளவுதான் உண்மையான அளவு. எழும்பி நின்று போட்டுப் பார். நீட்டு விரலுக்கு முன்னால் பெருவிரல் அகலம் இடம் இருக்கவேண்டும். வாங்கிய பிறகு ஒரு மாதம் ஊருக்குள் நடந்து பழக்கு. சொக்ஸ் இரண்டு சோடி. ஒன்று காலில், ஒன்று பையில் காயட்டும். சூடாக ஓரிடம் கடிக்கத் தொடங்கினால் அடுத்த மடம்வரை பொறுக்காதே, அந்த இடத்திலேயே இருந்து கழற்றிப் பார்.

எங்கள் கூட்டத்தில் ஒரு சாமி இருந்தார். எழுபது தாண்டியவர், செருப்பே தொடாதவர். உள்ளங்கால் மாட்டுத்தோல். அவருக்கு வைத்தியம் தேவைப்படாது என்று நினைத்திருந்தேன். ஆனால் விடியச் சாமம் மூன்று மணிக்கு முதலாவதாக எழும்பி நடப்பார். வெயில் ஏற, எந்த இடமானாலும் மர நிழலில் இருந்துவிடுவார். எத்தனை பேர் "இன்னும் கொஞ்சம் போவம் சாமி" என்றாலும் அசையமாட்டார். இரவில் ரோச் லைற்றை வாயில் கவ்விக்கொண்டு, காலை மடித்துத் தூக்கி விரல் விரலாய் விரித்துப் பார்ப்பார். குதிக்காலுக்கு நல்லெண்ணெய் பூசுவார். விரல் இடுக்கில் பூசமாட்டார். கேட்டேன், ஏன் என்று. "அங்க பூசினால் ஊறும், புண் வரும்" என்றார். நாங்கள் வகுப்பில் படித்தது. பிறகு சிரித்துக்கொண்டு, "அவருக்கு மயில், எனக்கு இது" என்று காலைத் தட்டினார்.

அவரையும் மிஞ்சின ஒருவர் வந்தார், போரில் ஒரு காலை இழந்தவர். ஜெய்ப்பூர்க் கால் போட்டு நடந்தார். 1968-இல் ராஜஸ்தானில் உருவான கால் அது; சப்பாத்துப் போடாத, நிலத்தில் குந்துகிற, வயலுக்குள் இறங்குகிற சனத்துக்கென்றே றப்பரில் செய்தது. யாழ்ப்பாணத்தில் 1987 முதல் அதைச் செய்து கொடுக்கிறார்கள். அவர் மாலையில் அதைக் கழற்றி வைத்துவிட்டு, சட்டைப் பையிலிருந்து சின்னக் கண்ணாடி ஒன்றை எடுத்து, மொட்டைக் காலின் நுனியைச் சுற்றிப் பார்ப்பார். பிறகு அதே கண்ணாடியை நல்ல காலின் அடியில் பிடிப்பார். வழி முழுக்க ஒரு நாள் தவறவில்லை. அவருடைய காலில் நான் ஒரு பிளாஸ்டரும் ஒட்டவில்லை.

என் காலில்தான் ஒட்டவேண்டி வந்தது. பொத்துவிலுக்குப் போகிற வழியில் இடக்கால் பெருவிரல் நகம் கறுத்துவிட்டது. நான் போட்டிருந்த சப்பாத்தின் முனையில் நகம் இடித்து இடித்து அடியில் இரத்தம் கட்டியிருந்தது. நகத்தை நேராய் வெட்டுங்கோ, விரலோடு ஒட்டக் குட்டையாய் வெட்டாதீங்கோ, மூலையைத் தோண்டாதீங்கோ என்று வழி முழுக்கச் சனத்துக்குச் சொல்லிக்கொண்டு வந்தவள், நகம் வெட்டாமலே சந்நிதியில் நடையைத் தொடங்கியிருக்கிறேன். சாமி பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. நகவெட்டியை எடுத்து நீட்டினார். அந்த நகம் குமணக் காட்டுக்குள் கழன்றது. புதுசு முழுதாய் வளர ஒரு வருடத்துக்கு மேல் எடுத்தது.

இப்போது சரவணையில், பழைய வளவில் இருக்கிறேன். போன வருடம் இரத்தப் பரிசோதனையில் சீனி எல்லையைத் தாண்டியிருந்தது. பின்னேரம் கிணற்றடியில் கால் கழுவி, துவாயால் விரல் இடுக்கெல்லாம் ஒற்றி, திண்ணையில் வந்து இருப்பேன். பேத்தி எனக்குச் சோதனை வைப்பாள். தங்கூசிக் கருவி கிளினிக்கோடு போய்விட்டது. அதற்குப் பதிலாக விரல் நுனியால் தொடுகிற முறை ஒன்று இருக்கிறது. இரண்டு காலிலும் பெருவிரல், நடுவிரல், சின்னவிரல், இறகுபோல ஒரு செக்கன். அழுத்தக்கூடாது. அவளுக்கு எட்டு வயது, நன்றாகத் தொடுவாள்.

"கண்ணை மூடுங்கோ அம்மம்மா. களவாப் பார்க்கக் கூடாது."

மூடினேன். ஓம். ஓம். ஓம். ஓம். ஓம்.

"முடிஞ்சுது. எத்தினைதரம் தொட்டனான்?"

"அஞ்சு. இன்னும் ஒண்டு இருக்கு."

"இல்லை, ஆறும் தொட்டிட்டன்."

கள்ளி அவள், போன கிழமையும் தொடாமலே தொட்டதாகச் சொல்லிச் சிரித்தவள். முகத்தைப் பார்த்தேன். சிரிக்கவில்லை.

"எந்த விரல் விட்டனான்?"

"இந்தச் சின்னவிரல்."

"சரி. திரும்பத் தொடு பார்ப்பம்" என்று சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டேன்.